மழை ஊரிலிருந்து பாலைவன நகரத்துக்கு: மலையகத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடி மாதம் இலங்கை மலையகத்தின் வட்டவளைப் பக்கம் துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் போட்டு, புகை வாசத்தோடுதான் எடுத்து உடுத்துவோம். ரியாத்தில் முதல் தடவை துவைத்த சட்டையை மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிட்டுக் கீழே வந்தேன். ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்துவிட்டு மேலே போனால் சட்டை காய்ந்து அட்டை மாதிரி விறைத்து நிற்கிறது. பெரிய சந்தோஷமாக இருந்தது. அதே காற்று என் உடம்பையும் அப்படித்தான் காய வைத்துக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

சவூதியில் நான்கு வருடம், டுபாயில் மூன்று வருடம் கட்டட வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். எங்கள் தோட்டத்திலிருந்து யாராவது வெளிநாடு போவதென்றால் வந்து சம்பளம் கேட்பார்கள், சாப்பாடு கேட்பார்கள். காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஏஜென்சியிலும் சொல்வதில்லை. பயணப் பையின் எடையைச் சொல்வார்கள், மருத்துவப் பரிசோதனைக்குத் திகதி கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் மிஸ்டும் மழையும் பார்த்து வளர்ந்த நம் உடம்பு, எப்போது களைத்திருக்கிறோம், எப்போது தண்ணீர் வேண்டும் என்பதற்கெல்லாம் இங்கே ஒரு கணக்கைப் பழகி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு அங்கே தப்பும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வகை வறட்சிக்குப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் மேற்குச் சரிவில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் இருக்கின்றன. ரியாத்துக்கு வருடம் முழுவதும் கிடைப்பது ஏறக்குறைய 100 மில்லிமீற்றர். இங்கே ஒரு நல்ல அடைமழை நாளில் பெய்வதுதான் அங்கே ஒரு வருட மழை. டுபாய், டோஹா நகரங்களிலும் வருட மழை 100 மில்லிமீற்றரைச் சுற்றியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். எகிப்தின் அஸ்வான் நகரத்தில் வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவுதான். சிலி நாட்டின் அரிக்கா நகரத்தில் 1903 ஒக்டோபரிலிருந்து 1918 ஜனவரி வரை, தொடர்ந்து பதினான்கு வருடத்துக்கு மேல் மழையே பதிவாகவில்லை. உலக சாதனையாக இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இப்படிக் காய்ந்து போவதற்குக் காரணம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு காரணத்தை நாமே ரயிலில் பார்த்திருக்கிறோம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹட்டனில் ஏறினால் நானுஓயா, பட்டிப்பொல வரை ஜன்னலைத் திறக்க முடியாது. ஒஹிய பக்கம் இறங்கும் சுரங்கத்தைத் தாண்டியதும் வெயில் அடிக்கும். காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து மழையை இந்தப் பக்கம் கொட்டிவிடுகிறது, அந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டு போகிறது. வெலிமடையும் பதுளையும் அந்தக் காலத்தில் காய்வது இதனால்தான். அரபு நாட்டுப் பாலைவனத்தில் மலை இல்லாமலேயே இது நடக்கிறது. பூமத்திய ரேகைப் பக்கம் மேலே எழும்பி மழையைக் கொட்டிய காற்று, வடக்கே போய் அந்த நிலத்தின்மேல் இறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் நிற்காது.

சரி, இது வேலைக்குப் போகிறவருக்கு எதற்கு? மழை குறைவு என்றால் எல்லா ஊரும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது, அதற்குத்தான். ரியாத் உள்நாட்டு நகரம். கோடையில் வெயில் 43, 44 பாகை செல்சியஸைத் தொடும், காற்றில் ஈரப்பதன் 10 வீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும். டுபாயும் டோஹாவும் கடலோர நகரங்கள். அங்கே மழை இல்லை, ஆனால் ஆகஸ்ட் மாதம் காற்று ஈரத் துணி மாதிரி மேலே ஒட்டும். ரியாத்தில் வேர்வை உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே ஆவியாகிவிடும். டுபாயில் வேர்வை ஆவியாகாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. இரண்டும் ஆபத்துதான், ஆனால் இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு. போகும் நகரத்தின் பெயர் தெரிந்த அன்றே அதன் வருட மழையை மட்டும் பார்க்காமல், மாதவாரியாக வெப்பத்தையும் ஈரப்பதனையும் போனில் பார்த்து எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: போவதற்கு முன்

முடிந்தால் ஒக்டோபருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் போய்ச் சேருகிற மாதிரி திகதி கேளுங்கள். எப்போதும் கிடைக்காது, ஆனாலும் கேட்டுப் பாருங்கள். ஜூலையில் போய் இறங்குகிறவருக்கு உடம்பு பழக நேரமே கிடைப்பதில்லை.

பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் போவதற்கு முன் கிளினிக்கில் டொக்டரிடம் போகும் நாட்டின் வெயிலைச் சொல்லிக் கேட்க வேண்டும். சில பிரஷர் குளிசைகள் சிறுநீரைக் கூட்டும். குளிர் ஊரில் அது பிரச்சினை இல்லை, 44 பாகையில் பிரச்சினை. நீங்களாகக் குளிசையை நிறுத்தவும் கூடாது.

பையில் வைக்க வேண்டியவை: ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) பைக்கற் பத்துப் பன்னிரண்டு, வஸ்லின், தேங்காய் எண்ணெய் ஒரு சின்னப் போத்தல், மெல்லிய பருத்தியில் முழுக்கைச் சட்டை, பருத்தித் துவாய் இரண்டு. முழுக்கைச் சட்டை என்றதும் பலர் யோசிப்பார்கள். நாம் குளிருக்குத்தான் உடம்பை மூடிப் பழகியவர்கள், வெயில் என்றால் கழற்றத் தோன்றும். பாலைவன மக்கள் தலையிலிருந்து கால் வரை தொளதொள என்று மூடித்தான் நடக்கிறார்கள். அந்த வெயில் தோலில் நேராகப் படக் கூடாது. கம்பளிச் சுவெட்டர் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் போகாதீர்கள். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தை வீட்டாரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மூன்றாம் படி: முதல் இரண்டு வாரம்

இதுதான் முக்கியமான படி. நான் தப்பு செய்ததும் இங்கேதான்.

போன மூன்றாம் நாள். காலையிலிருந்து கம்பி தூக்கினேன். தோட்டத்தில் உரமூட்டை தூக்கிய உடம்பு, வேலை பெரிதாகத் தெரியவில்லை. சட்டை காய்ந்தே இருந்தது. வேர்க்கவே இல்லையே, அப்படியானால் தண்ணீர் எதற்கு என்று நினைத்தேன். தண்ணீர் டிரம்மும் கொஞ்சம் தூரத்தில் இருந்தது. பதினொரு மணிக்குப் பின்னங்காலில் தசை பிடித்தது. இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி எழும்பினேன், கண் இருட்டியது. என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார் அண்ணன் ஒருவர்தான் நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனார். என் சட்டையின் முதுகுப் பக்கத்தைப் பிடித்துக் காட்டினார். நீலச் சட்டையில் வெள்ளை வெள்ளையாக வரைபடம் போட்ட மாதிரி கோடு. "தம்பி, இது என்னெண்டு தெரியுதே? உம்மட உப்பு. வேர்வை காஞ்சு போச்சு, உப்புத்தான் மிச்சம்" என்றார். அவர் வறண்ட ஊரில் பிறந்தவர், அவருக்குத் தெரிந்திருந்தது.

அதனால் சொல்கிறேன், வறண்ட காற்றில் சட்டை நனைந்தால்தான் வேர்த்தது என்று எண்ண வேண்டாம். தாகத்தையும் முழுக்க நம்ப வேண்டாம். குளிர் ஊரில் ஒரு நாளைக்கு இரண்டு தேத்தண்ணியோடு சமாளித்த தொண்டை அது, கேட்கத் தாமதிக்கும்.

வெப்பத்துக்கு உடம்பு பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் எடுக்கும். வேலைப் பாதுகாப்பு வழிமுறைகளில் சொல்வது இதுதான்: புதிதாக வருகிறவர் முதல் நாள் வெயிலில் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்குதான் செய்ய வேண்டும், பிறகு ஒவ்வொரு நாளும் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டலாம். எல்லா இடத்திலும் இதற்கு விடமாட்டார்கள் என்பது தெரியும். விடாவிட்டால் உங்கள் கையில் இருப்பதையாவது செய்யுங்கள்: கனமான வேலையை விடியலுக்குத் தள்ளுங்கள், நிழலில் செய்யும் வேலை இருந்தால் முதல் வாரத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள், புதிதாக வந்தவர் தனியாக வேலை செய்யாமல் பக்கத்தில் ஒருவர் இருக்கும்படி பாருங்கள்.

மதிய வேலைத் தடை சட்டமாகவே இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது. சவூதியில் அதே திகதிகள், 12 முதல் 3 வரை. கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை. குவைத்தில் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் முடிய, 11 முதல் 4 வரை. இதைக் கேட்பது சலுகை கேட்பது இல்லை.

தண்ணீர் குடிக்கும் முறை: வெயிலில் வேலை செய்யும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை. ஒரேயடியாக ஒரு லீற்றரைக் கவிழ்த்துவிட்டு மூன்று மணி நேரம் சும்மா இருப்பதில் பயன் இல்லை. அதே சமயம் மணிக்கு ஒன்றரை லீற்றருக்கு மேலும் போகக் கூடாது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும். நேரத்துக்குச் சாப்பிட்டாலே உப்பு பெரும்பாலும் ஈடாகிவிடும். நிறைய வேர்த்த நாளில் ஜீவனி கரைத்துக் குடியுங்கள். அது தீர்ந்துவிட்டால் ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. கண்ணளவில் போடாதீர்கள், கரண்டியால் அளந்தே போடுங்கள். அங்கே கடைகளில் கிடைக்கும் லபன் என்ற மோர் மலிவு, மத்தியானச் சாப்பாட்டோடு நல்லது. எனர்ஜி டிரிங்க் வேண்டாம்.

சரியாகக் குடிக்கிறீர்களா என்று பார்க்கச் சிறுநீரின் நிறமே போதும். பால் கலக்காத இளம் தேத்தண்ணியை விடவும் வெளிறியதாக, எலுமிச்சைச் சாறு மாதிரி இருந்தால் சரி. சாயம் கூடிய பிளேன்டீ நிறத்துக்கு வந்துவிட்டால் அன்றைக்கு உடம்பு காய்ந்திருக்கிறது. மாதக்கணக்கில் இப்படிக் காய்ந்துகொண்டே வேலை செய்தால் சிறுநீரகக் கல் வரும், சிறுநீரகமே பழுதாகவும் கூடும். கழிவறை தூரம் என்பதால் தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் பலரிடம், அதிலும் பெண்களிடம், இருக்கிறது. நம் கொழுந்து மலையிலும் இதே கதைதான். அங்கே தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நோன்பு மாதத்தில் பகலில் பொது இடத்தில் குடிக்க முடியாது, அதற்காகக் குடிக்காமலும் இருக்க முடியாது. ஒதுக்கமான இடத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஆபத்தை அடையாளம் காணுதல்

தசைப் பிடிப்பு, தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் வந்தால் வேலையை நிறுத்தி நிழலுக்குப் போய்ச் சட்டையைத் தளர்த்திக் குடிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான்.

பக்கத்தில் இருப்பவர் சம்பந்தமில்லாமல் பேசினால், நாக்குக் குழறினால், நடை தள்ளாடினால், மயங்கி விழுந்தால், அது வெப்பத் தாக்கு. உடம்புச் சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத் தாக்கு என்பதில்லை, வேர்வையோடும் வரும். உடனே அம்புலன்ஸுக்கு அழையுங்கள்: அமீரகம் 998, சவூதி 997, கட்டார் 999, குவைத் 112. வரும்வரை நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கங்காணி வரட்டும், சுப்பவைசர் வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது.

ஐந்தாம் படி: தோல், மூக்கு, கண்

முதல் வாரத்தில் உதடு வெடிக்கும். நாக்கால் நனைத்தால் இன்னும் வெடிக்கும், வஸ்லின் பூசுங்கள். குதிகாலில் பித்த வெடிப்பு வந்தால் இரவில் எண்ணெய் பூசிக் காலுறை போட்டுப் படுங்கள். நல்ல கொதி வெந்நீரில் குளித்துப் பழகிய நாம் அங்கே அதை விட்டுவிட வேண்டும், சவர்க்காரத்தையும் ஒரு தடவைக்கு மேல் போடக் கூடாது. குளித்துத் துவட்டி, தோலில் ஈரம் மிச்சம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவினால்தான் பிடிக்கும். காய்ந்த பிறகு தடவினால் மேலே மினுமினுக்குமே தவிர உள்ளே அரிப்பு நிற்காது.

காலையில் மூக்கில் இரத்தம் வருவது சாதாரணம். ஊரில் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்வார்கள், அது தவறு, இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். உட்கார்ந்து முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். வராமல் தடுக்க பாமசியில் உப்புநீர்ச் சொட்டு வாங்கி விடலாம். கார்க் கதவைத் தொட்டால் சுள்ளென்று மின்சாரம் அடிக்கும். வறண்ட காற்றில் அது வழக்கம், பயப்பட ஒன்றும் இல்லை.

ஆறாம் படி: அறையும் தண்ணீரும்

கோடையில் மொட்டை மாடித் தாங்கித் தண்ணீர் நாள் முழுவதும் வெயிலில் கொதிக்கும். குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தோல் பொசுங்கும். அங்கே பழையவர்கள் செய்யும் வேலை இது: கீஸரை அணைத்துவிட வேண்டும். அதன் தொட்டி அறைக்குள் ஏசிக் குளிரில் இருப்பதால் உள்ளே நிற்கும் தண்ணீர் மெல்ல ஆறிவிடும். கோடை முழுவதும் வெந்நீர்க் குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர் வரும். அதிலும் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் வாளியில் பிடித்துக் குளியுங்கள்.

இன்னொன்றும் மன்னார் அண்ணனிடம் கற்றது. போத்தலைச் சுற்றி ஒரு பழைய பருத்தித் துணியைக் கட்டி, துணியை நனைத்து, காற்றுப் படும் நிழலில் தொங்க விடுவார். துணி காயக் காய உள்ளே தண்ணீர் குளிரும். கழுத்தில் ஈரத் துவாய் போட்டாலும் அதே வேலை நடக்கும். ரியாத்தில் இது எங்களைக் காப்பாற்றியது. டுபாய்க்குப் போனபின் ஆகஸ்டில் அதையே செய்து பார்த்தேன், துணி காயவே இல்லை, தண்ணீரும் குளிரவில்லை. அங்கே ஏசி அறையில் ஓய்வும் ஐஸும்தான் உதவும். 40 பாகைக்கு மேல் ஏசி இல்லாத அறையில் வெறும் மின்விசிறியை நம்பவும் கூடாது, சூட்டைத்தான் அது முகத்தில் அள்ளிப் போடும்.

வீட்டு வேலைக்குப் போகும் அக்காமாருக்கு இதில் தனியாக ஒரு சொல். நாள் முழுவதும் ஏசிக்குள் இருப்பதால் தாகம் தெரியாது, ஆனால் ஏசிக் காற்றும் வறண்டதுதான். சமையலறை, இஸ்திரி, மொட்டை மாடித் துணி என்று மாறி மாறிப் போய்வரும்போது களைப்பு திடீரென்று வரும். குசினியில் உங்களுக்கென்று ஒரு போத்தலை வைத்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிரப்புகிறீர்கள் என்று எண்ணுங்கள்.

பீலியில் இரவு பகலாகத் தண்ணீர் ஓடிப் பார்த்த நமக்கு அங்கே குழாயைத் திறந்து விடுவது பெரிதாகத் தெரியாது. வளைகுடா நகரங்களின் குடிநீரில் பெரும் பகுதி கடல் நீரிலிருந்து உப்பை நீக்கி எடுத்தது. கட்டாருக்கும் குவைத்துக்கும் ஆறே கிடையாது.

ஏழாம் படி: குளிர், தூசி, மழை

சுவெட்டர் இதற்குத்தான். வறண்ட காற்றும் மேகமில்லாத வானமும் பகல் சூட்டைப் பிடித்து வைக்காது. ஜனவரி இரவில் ரியாத் 9 பாகைக்கு இறங்கும், இன்னும் கீழேயும் போகும். துகள் உறைபனி பார்த்த நுவரெலியாக்காரருக்கு அது பெரிதில்லை, ஆனால் வெறும் சட்டையோடு போனவர் பாடு கஷ்டம். மூடிய அறையில் கரி மூட்டிக் குளிர்காயாதீர்கள், அந்தப் புகை தூக்கத்திலேயே உயிரை எடுக்கும்.

தூசிப் புயல் வந்தால் ஜன்னல் இடுக்கில் ஈரத் துணி வையுங்கள், வெளியே போக வேண்டி வந்தால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். இழுப்பு உள்ளவர்கள் பம்ப்பைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

மழை வந்தால் நம் ஆட்கள் ஓடிப் போய் நனைவார்கள், ஊர் ஞாபகம். தூறலில் நனையுங்கள், ஆனால் வெள்ளத்தை இளப்பமாக நினைக்காதீர்கள். இங்கே சரிவும் ஓடையும் தண்ணீரை இறக்கிவிடும், அங்கே இறுகிய நிலம் உறிஞ்சாது. 2024 ஏப்ரல் 16ஆம் திகதியை ஒட்டி டுபாய் விமான நிலையத்தில் 24 மணி நேரத்தில் 142 மில்லிமீற்றர் பெய்தது, ஒன்றரை வருட மழை ஒரே நாளில். வீதியெல்லாம் ஆறாகி வாகனங்கள் மூழ்கின. காய்ந்த ஓடையை வாடி என்பார்கள், மேகம் கறுத்திருக்கும்போது அதற்குள் நடக்கவோ வாகனத்தை இறக்கவோ கூடாது. மழை உங்கள் தலைக்கு மேல் பெய்யாமல் தூரத்து மலையில் பெய்தாலும் வெள்ளம் அங்கே வந்து சேரும்.

எட்டாம் படி: லீவில் ஊருக்கு வரும்போது

ஜூலையில் லீவு எடுத்தால், 44 பாகையிலிருந்து புறப்பட்டு மறுநாள் விடியற்காலை கினிகத்தேனை மழைக்குள் வந்து நிற்பீர்கள். எனக்கு முதல் லீவில் இரண்டு வாரம் சளியும் இருமலும். சுவெட்டரைப் பெரிய பெட்டிக்குள் அடைக்காமல் கைப்பையில் வையுங்கள், கட்டுநாயக்கவிலிருந்து மேலே வரும் பஸ்ஸிலேயே அது தேவைப்படும். திரும்பிப் போகும்போது முதல் இரண்டு வாரக் கணக்கை மறுபடி தொடங்க வேண்டும். வெப்பத்துக்குப் பழகிய உடம்பு ஒரு மாதக் குளிரில் அந்தப் பழக்கத்தை இழந்துவிடும். நான்கு வருடம் இருந்தவன் என்ற தைரியத்தில் போன அன்றே முழு வேலைக்கு இறங்காதீர்கள். போகும் பையில் ஜீவனியை மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள், புதிதாக வந்திருக்கும் பையன்களுக்கும் சேர்த்து.